குளத்தைப் பூட்டச் சொன்னவரின் குரலாக

சென்ற ஆண்டு ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்: மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பழைய குளத்தில், கொழும்புக் கடையொன்றில் வேலை செய்து விடுமுறையில் வந்திருந்த இளைஞர் ஒருவர் மூழ்கி இறந்தார். இருட்டுவதற்கு முன் உடல் மீட்கப்பட்டது.

ஆவணி: குளத்துக்குள் எவரும் இறங்காதபடி அதை நிரந்தரமாக மூட வேண்டும் என்று தோட்ட நிர்வாகம் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பித்தது. பொழுதுபோக்குக்காக நீருக்கடியில் நீந்தும் சுழியோடிகள், தூண்டில்காரர்கள் ஆகியோரின் சார்பில் என் மனைவி ஆட்சேபம் தெரிவித்தார். ஐப்பசியில் விசாரணைக்கு நாள் குறிக்கப்பட்டது.

புரட்டாசி, ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை: என் மனைவி பதுளையில், வைத்தியசாலையில், இதய நோயால் காலமானார். மறுநாள் தகனம் நடைபெற்றது.

ஐப்பசி, மழை விடாத ஒரு நாள் முற்பகல்: விசாரணை நடைபெற்றது. அவருடைய இடத்தில் நான் சென்றேன்.

நடந்தவை இவ்வளவே. எனினும் கடைசி வரியில் சொன்ன அந்த முற்பகலை விளக்க வேண்டுமானால், என் மனைவி எத்தகையவர் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

அவர் பதுளையில் விலங்கியல் கற்பித்தவர். யுத்தம் முடிந்த பின் மாணவர்களைக் கிழக்குக் கடற்கரைக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றார். மாணவர்கள் திரும்பிவந்து பரீட்சை எழுதினார்கள், இவர் மட்டும் அடுத்த விடுமுறையிலும் அங்கே போய்ச் சுழியோடக் கற்றுக்கொண்டார். அப்போது அவர் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். தூண்டில் அதற்கும் முந்திய பழக்கம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே சனி, ஞாயிறுகளில் அவர் நீர்நிலைகளைத் தேடிப் போவதும், நீந்தத் தெரியாத நான் சுடுதண்ணீர்ப் போத்தலும் புத்தகமுமாகக் கரையில் உட்கார்ந்திருப்பதும் எங்கள் இல்லறத்தின் ஒழுங்காயின.

ஊவா மாகாணத்தின் மலைகளில், தோட்டங்களுக்குள்ளே, கைவிடப்பட்ட குளங்கள் சில உண்டு. தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்களை ஓட்டுவதற்காக வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஓடைகளை மறித்துக் கட்டியவை. இயந்திரங்கள் போய்விட்டன, தண்ணீர் இருக்கிறது, கெண்டையும் திலாப்பியாவும் இருக்கின்றன. அங்கே தூண்டிலோடு போகும் இளைஞர்களைக் காவலாளி கள்வர்களைப் போல விரட்டுவார். வலை போடுபவரையும் வெடி வைப்பவரையும், பொழுதுபோக்குக்காகத் தூண்டிலிட்டுச் சின்ன மீனை மறுபடி நீரில் விடுபவரையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது என்று அலுவலகம் அலுவலகமாகச் சென்று சொல்லிவந்தவர் என் மனைவி. யாரும் அவரை நியமிக்கவில்லை. வாயுள்ள ஒருவர் தேவைப்பட்டார், அவருக்கு வாய் இருந்தது.

பிடித்த மீனை விடுவதென்பது தோட்டத்தில் பெரிய வேடிக்கை. ஒருமுறை ஒரு முதியவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் டீச்சர், திங்காத மீனுக்கு எதுக்கு இம்புட்டு மெனக்கேடு?"

"நீங்க ராத்திரி முழுக்க கிரிக்கெட் பாக்குறீங்களே, அந்தப் பந்தத் திங்கவா போறீங்க?"

முதியவர் சிரித்துச் சிரித்து இருமினார். அதற்குப் பிறகு அந்தக் கரையில் எங்களுக்குத் தேநீர் கிடைத்தது.

அவருடைய குழுவில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். பதுளை பஸாரில் இரும்புக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர் ஒருவர் அதன் வலது கை. அவருடைய வான் வண்டியில்தான் எல்லாப் பயணமும். காற்றுச் சிலிண்டர்களையும் அவர்தான் ஏற்றி இறக்குவார். வழியில் பொலிஸார் மறித்து என்ன இது என்று கேட்டால், "ஒக்சிசன் சேர், ஆஸ்பத்திரிக்கு" என்று சொல்லிவிடுவார். அவரை 'நானா', அதாவது அண்ணா, என்று அழைக்கும் என் மனைவிக்கு அது பிடிக்காது. "பொய் சொல்லாதீங்க நானா. அது வெறுங் காத்து. டயருக்கு அடிக்கிறத விடக் கொஞ்சம் சுத்தமான காத்து, அவ்வளவுதான்" என்பார்.

யாராவது நீரில் மூழ்கிவிட்டால் மட்டும் இந்த வேலையற்றவர்களைத் தேடித் தொலைபேசி அழைப்பு வரும். கடற்படைச் சுழியோடிகள் தூரத்திலிருந்து வந்து சேர நேரமாகும்; இவர்கள் அருகில் இருந்தார்கள். அந்த ஆடி மாத ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் அழைத்தார்கள். பசறை கடந்து, வளைவுகளில் ஏறி, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குளத்துப் பாதையின் இரும்புக் கேட் பூட்டிக் கிடந்தது. சாவி தோட்டத்து அலுவலகத்தில் இருந்தது. அலுவலகம் ஞாயிற்றுக்கிழமை மூடியிருந்தது. அதைத் திறக்க வேண்டியவர் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். சிலிண்டர்களைத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் ஆண்கள் வேலிக்கு மேலாகக் கைமாற்றித் தூக்கினார்கள். இளைஞரும் அவருடைய நண்பர்களும் காலையில் ஏறிக் குதித்ததும் அதே வேலிதான். மீட்புக் கயிறும் மிதவையும் அங்கே இருந்தன. கேட்டுக்கு உள்ளே, காவற்கொட்டிலில், இன்னொரு பூட்டுக்குள் இருந்தன.

இதயத்தின் காரணமாக மருத்துவர் என் மனைவியைச் சுழியோட வேண்டாம் என்று தடுத்திருந்தார். ஆகவே குழுவின் இளைஞர் இருவர் நீருக்குள் இறங்க, அவர் கரையில் நின்று கயிற்றைப் பிடித்திருந்தார். கலங்கிய நீரில் கண் உதவாது. கீழே இருப்பவர் கயிற்றை இழுக்கும் விதத்தைக் கொண்டு மேலே இருப்பவர் நிலைமையை அறிய வேண்டும். கரை முழுவதும் சனம். எல்லாக் கண்களும் தண்ணீரைப் பார்க்க, இறந்தவரின் தாய் மட்டும் என் மனைவியின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். செய்தி அந்தக் கயிற்றின் வழியாகத்தான் வரும் என்பது எப்படியோ அவருக்குப் புரிந்திருந்தது.

இழுப்பு மாறியதை நானும் கண்டேன். என் மனைவியின் கை இறுகியது, முகம் மாறவில்லை. கயிற்றை விடாமல், தாயிடம் மெதுவாகச் சொன்னார்.

"உக்காரும்மா. நீ உக்காந்தாத்தான் நான் அவன மேல கொண்டார முடியும்."

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, வகுப்பறைக் குரலில் சொன்னார். "ஃபோன எல்லாம் பைக்குள்ள வைங்க. பெத்தவ பாக்குறதுக்கு முன்னாடி எவனும் பாக்கக் கூடாது."

நீரிலிருந்து எவரையும் மறைக்காமல் மேலே கொண்டுவரக் கூடாது என்பது அவர் குழுவுக்கு வைத்திருந்த விதி. சுழியோடிகள் ஒரு வெள்ளைத் துணியோடுதான் இறங்குவார்கள். அந்த இளைஞரும் முகம் மூடியவராகவே கரைக்கு வந்தார். மூடியிருந்த துணியை விலக்கியது தாயின் கை.

திரும்பும் வழியில், பதுளை நகர விளக்குகள் தெரிந்த பிறகு, என் மனைவி வெளியே பார்த்தபடி ஒன்று சொன்னார். "வேலி ஏறிக் குதிக்கிறவனுக்குப் பூட்டு கெடையாது. காப்பாத்த வர்றவனுக்குத்தான் பூட்டு."

குளத்தை நிரந்தரமாக மூடும் விண்ணப்பம் பற்றிக் கேள்விப்பட்டதும் அவருடைய ஆட்சேபம் இந்த ஒரு வாக்கியத்திலிருந்தே வளர்ந்தது. அதன் சாரம் எளிமையானது. மூடிய நீருக்கும் மனிதர் போவார்கள், ஆனால் ஒளித்துப் போவார்கள். துணைக்கு ஆளில்லாமல் போவார்கள். தூண்டில்காரரும் சுழியோடிகளும் நடமாடும் நீரில்தான் நீந்தத் தெரிந்தவர் ஒருவர் எந்நேரமும் இருப்பார். ஆகவே திறந்து வையுங்கள், நிபந்தனைகளோடு திறந்து வையுங்கள். இதைச் சமையலறையில் எனக்கு முன் பலமுறை ஒத்திகை பார்த்தார். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "நீங்கதான் அதிகாரி. நான் பேசுறேன், நீங்க மறுக்கணும்" என்பார். நான் மறுப்பேன். "சே, எந்த அதிகாரி இப்படி இலக்கணமா மறுப்பாரு? கொஞ்சம் கொட்டாவி விடுங்க" என்பார்.

அந்த ஒத்திகைகளால்தான் அவருடைய வாதம் எனக்கு வரிக்கு வரி தெரிந்திருந்தது. அது எனக்குத் தேவைப்படும் என்று இருவரும் நினைக்கவில்லை.

அவருடைய மரணத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மறுநாள் நிகழ்ந்த ஒன்றை மட்டும் எழுத வேண்டும். எங்கள் வழக்கத்தில், ஒரு பெண் இறந்தால் அவளுடைய பிறந்த வீட்டார் கோடித் துணி கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதற்குப் பிறகே பாடையில் ஏற்றுவார்கள். என் மனைவியின் பிறந்த வீடு, குடியுரிமை ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கப்பலேறிய குடும்பங்களில் ஒன்று. பெற்றோரும் ஒரே அண்ணனும் நீலகிரிக்குப் போனார்கள். மணமாகியிருந்ததால் இவர் இங்கே தங்கினார். பெற்றோர் இன்று இல்லை. அண்ணன் தொலைபேசித் திரையில், "மச்சான், நான் எப்படி வந்து சேருவேன், எப்படி வந்து சேருவேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். "பொறந்த வீட்டுக் கோடி யாருங்க?" என்று சடங்கு செய்பவர் வாசலில் நின்று கேட்டார். இரும்புக் கடை நண்பர் என் தோளைத் தொட்டு, "சேர், நான் போய் துணி எடுத்துக்கொண்டு வரவா? நான் போத்தினா சரியாகுமா?" என்று கேட்டார். சரியாகும் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

அப்போதுதான் வாசற் படலையில் ஆள் அரவம் கேட்டது. மடுல்சீமையிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார்கள். முன்னால் அந்தத் தாய், கையில் தட்டு. தட்டில் புதிய சேலை, தேங்காய், பூ. பின்னால் அவருடைய லயத்துப் பெண்கள்.

"ஐயா," என்றார். "டீச்சரோட அண்ணன் இந்தியாவில இருக்காருன்னு சொன்னாங்க. அண்ணன் தூரமா இருந்தா தங்கச்சி இல்லாமப் போயிருமா? நாங்க போத்துறோம்."

சடங்கு செய்பவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அந்தத் தாய் கொண்டுவந்த சேலையைத்தான் என் மனைவி அணிந்து போனார். திரும்பிப் போகும்போது அந்தத் தாய் என்னிடம், "வர்றோம் மச்சான்" என்றார். கோடி போட்டவர் உறவாகிவிடுகிறார்; அந்த உறவுக்கு வேறு சாட்சி தேவையில்லை.

விசாரணைக்கு நான் போகத் தீர்மானித்தபோது, எதிர்த் தரப்பில் யார் இருப்பார்கள் என்பதை யோசிக்கவில்லை. நிர்வாகம் இருக்கும் என்று நினைத்தேன். நிர்வாகத்தோடு வாதிடுவது கடினமல்ல. வழியில் நண்பர்தான் வானை ஓட்டிக்கொண்டே சொன்னார். "சேர், ஒரு கதை கேள்விப்பட்டேன். அந்தப் பையன்ட உம்மாவும் வாராங்களாம். பூட்டச் சொல்லித்தான் வாராங்களாம்." மழைக்கு வைப்பரின் வேகத்தைக் கூட்டினார். "டீச்சர் உசிரோட ஈந்தா என்ன செஞ்சிருப்பாங்க சேர்?" என்று கேட்டார். ஒத்திகைகளில் அந்த இடம் வரவே இல்லை.

பிரதேச செயலகத்தின் கூட்ட அறையில் நீண்ட மேசை. ஒரு புறம் தோட்டத்து முகாமையாளரும் அவருடைய எழுதுவினைஞரும். மறுபுறம் நானும் நண்பரும். சுவரோரக் கதிரையில் அந்தத் தாய், நனைந்த குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரி பண்பானவர், சிங்களவர். தமிழில் வணக்கமும் நன்றியும் மட்டுமே அறிந்தவர். அலுவலகத்தின் மொழிபெயர்ப்பாளர் அன்று காய்ச்சலால் வரவில்லை. முகாமையாளர் தம் எழுதுவினைஞரை அந்த வேலைக்கு முன்வைத்தார்.

அந்தத் தாய் எழுந்து நின்றார். "ஆபிஸ் ஆளு வேணாங்க. மச்சான் சொல்லட்டும்."

எழுதுவினைஞர் தணிந்த குரலில், "அக்கா, அவரு டீச்சர் கட்சி. கொளத்தத் தொறக்கச் சொல்லித்தான் வந்திருக்காரு" என்றார்.

"தெரியும் தம்பி. எந்தக் கட்சியா இருந்தா என்ன? கூட்டியும் சொல்ல மாட்டாரு, கொறச்சும் சொல்ல மாட்டாரு."

அதிகாரி என்னிடம் சிங்களத்தில், உங்களுக்குச் சம்மதமா என்று வினவினார். கல்வியியற் கல்லூரியில் கற்பித்த ஆண்டுகளில் நான் அரச கூட்டங்களுக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு தரப்பைச் சேர்ந்தவன் மறுதரப்புக்கு மொழிபெயர்க்கலாகாது என்பதை அறிவேன். அதை அவரிடம் சொன்னேன். பேசுபவரே உங்களை விரும்பிக் கேட்கும்போது எனக்குத் தடையில்லை என்றார் அவர். நான் எழுந்து தாயின் பக்கத்தில் போய் நின்றேன்.

மொழிபெயர்ப்பில் ஒரு விதி உண்டு. 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. பேசுபவர் எந்த இடத்தில் நின்று பேசுகிறாரோ அந்த இடத்திலிருந்தே பேச வேண்டும். நான் அதையே பல தலைமுறை மாணவருக்குக் கற்பித்திருக்கிறேன்.

"எம்மவன் செத்த கொளத்துக்கு மேல இருக்கிற மலையிலதான் எனக்கு வேல" என்றார் தாய்.

என் மகன் இறந்த குளத்துக்கு மேலே உள்ள மலையில்தான் எனக்கு வேலை என்று நான் சிங்களத்தில் சொன்னேன். 'என் மகன்' என்ற சொற்களை அதற்கு முன் எந்த மொழியிலும் நான் சொல்ல நேர்ந்ததில்லை.

"கொழுந்து எடுக்கிறப்போ குனிஞ்சாலும் தண்ணி, நிமிந்தாலும் தண்ணி. கூடைய மாட்டிக்கிட்டு எங்கிட்டுத் திரும்புறது? அந்த மலைக்கு வர மாட்டேன்னா அன்னிக்கு வேலக் கணக்குல பேரு இல்ல. பேரு இல்லாட்டி சம்பளம் இல்ல. சரி, போறேன். போனா, கீழ எவனாவது தூண்டிலப் போட்டுக்கிட்டுச் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருப்பான். அவன் மேல எனக்குக் கோவம் இல்லீங்க. ஆனா எனக்குப் பொறுக்காது."

நான் சொன்னேன். முகாமையாளர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூட்டுனா ஏறிக் குதிப்பாங்கன்னு எனக்குத் தெரியும். எம்மவனும் அப்படித்தான் போனான். பூட்டுறதுல ஒண்ணும் நிக்காது." இங்கே அவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். "இருந்தாலும் பூட்டுங்க."

அவர் சொன்னதில் முதற் பகுதி என் மனைவியின் வாதமேதான். அதை மட்டும் அழுத்திச் சொல்லிக் கடைசி இரண்டு சொற்களைத் தணித்துச் சொல்லியிருந்தால், அதிகாரிக்குத் தெரிந்திராது. எழுதுவினைஞருக்கும் நண்பருக்கும் தெரிந்திருக்கும், அவர்கள் வாய் திறந்திருக்க மாட்டார்கள். அதே போல, முதற் பகுதியை விழுங்கியிருந்தால் அது தாய்க்குச் செய்யும் உதவியாகவும் தோன்றியிருக்கும். இரண்டையும், அவர் வைத்த வரிசையில், அவர் வைத்த எடையில் சொன்னேன். 'இருந்தாலும்' என்பதற்குச் சிங்களத்தில் சொல் உண்டு. அதையும் தணிக்காமல் சொன்னேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு என் தரப்பைச் சொல்லும்படி கேட்டார்.

நான் அந்தத் தாயின் பக்கம் திரும்பினேன். "அம்மா, இப்போது நான் உங்களுக்கு எதிராகப் பேச வேண்டும். உங்களுக்குப் புரியாத மொழியில் அதைப் பேச எனக்கு மனமில்லை. முதலில் உங்களிடம் சொல்கிறேன், பிறகு அவரிடம் சொல்கிறேன்."

"டீச்சர் சொன்னதா?" என்று கேட்டார்.

"ஆம்."

"அப்ப சொல்லுங்க."

என் மனைவியின் வாதத்தை அவருக்குத் தமிழில் சொன்னேன். பூட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை எதைத் தடுத்தது, எதைத் தடுக்கவில்லை என்பதைச் சொன்னேன். கொட்டிலுக்குள் கிடந்த கயிற்றைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் ஒருமுறை, "ஆமா, கயிறு அங்கதான் கெடந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு சிங்களத்தில் அதிகாரிக்குச் சொன்னேன். ஒத்திகையில் கேட்ட வரிகளை மாற்றவில்லை. முடித்ததும் அதிகாரி, இது உங்கள் துணைவியாரின் கருத்து, இரண்டையும் மொழிபெயர்த்த உங்கள் கருத்து என்ன என்று வினவினார். இருவர் சொல்வதும் உண்மை என்றேன். அது ஒரு தீர்ப்புக்கு உதவாத பதில் என்பதை அறிவேன்.

அப்போது நண்பர் குறுக்கிட்டார். தாயிடம் நேராகத் தமிழில் கேட்டார். "அக்கா, அந்த மலையில கொழுந்து எத்தன நாளைக்கு ஒருக்கா எடுக்கிறீங்க?"

"வாரத்துக்கு ஒருக்கா ரவுண்டு வரும். மழைக் காலத்தில கொஞ்சம் முன்னப் பின்ன."

"அப்ப ரவுண்டு வாற நாள்ல நாங்க அந்தப் பக்கமே தல காட்ட மாட்டோம். மத்த நாள்ல மட்டும்."

தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மத்த நாள்ல சிரிப்பீங்க."

"மீன் பிடிக்கிறவன் சிரிக்க மாட்டான் அக்கா. சிரிச்சா மீன் ஓடிரும்."

எழுதுவினைஞர் சிரித்துவிட்டார். தாயின் உதட்டோரமும் அசைந்தது. உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அந்த அசைவுக்காகத் தம்மையே அவர் வெறுத்தார் என்பது கண்ணில் தெரிந்தது. அதிகாரி என்ன பேசினார்கள் என்று கேட்டார். சிரிப்பு உட்பட அனைத்தையும் மொழிபெயர்த்தேன்.

முடிவு இதுதான். குளம் இப்போதைக்கு மூடப்படும். நிரந்தரமாக அல்ல. சில பாதுகாப்புக் காரியங்கள் நிறைவேறிய பிறகு, தூண்டில்காரருக்கும் சுழியோடிகளுக்கும் திறப்பது பற்றி மீண்டும் ஆராயப்படும். அந்தக் காரியங்களை நிறைவேற்றும் பொறுப்பு ஆட்சேபம் தெரிவித்தவருடையது. அவர் இல்லாத நிலையில் யார் என்று அதிகாரி கேட்டார். நான் கையொப்பமிட்டேன்.

வெளியே மழை தணிந்திருந்தது. பஸ் தரிப்பிடத்தில் அவரோடு நின்றேன். நண்பர் வானில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியும் அவர் ஏற்கவில்லை.

"எம்மேல கோவமா மச்சான்?"

"இல்லை அம்மா. உங்களுக்கு?"

"எனக்குக் கோவந்தான்" என்றார். "உங்க மேல இல்ல. டீச்சர் மேலயும் இல்ல. யாரு மேலன்னு தெரியல. தெரிஞ்சா எறக்கி வச்சிருவேன்." மடுல்சீமை பஸ் வளைவில் தெரிந்ததும் குடையை விரித்து மறுபடி மடித்தார். "நான் சொன்னத அப்படியே சொன்னீங்களா?"

"அப்படியே சொன்னேன்."

"எனக்குத் தெரியும். அந்த ஐயா பேனாவக் கீழ வச்சாரே." பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் போனார்.

நான் வாழ்நாள் முழுவதும் பிறருடைய சொற்களை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன். அதை ஒரு திறமையாகவே எண்ணியிருந்தேன். அந்த முற்பகலுக்குப் பிறகு அப்படி எண்ண முடியவில்லை. ஒருவருடைய துயரத்தை அவர் நின்ற இடத்தில் நின்று, நம் வாயால், குறைக்காமல் ஒருமுறை சொல்லிப் பார்த்த பின்புதான் அதற்கு எதிராக வாதிடும் தகுதி நமக்கு வருகிறது. வாதத்தில் வெல்லும் ஆசை அதே கணத்தில் போய்விடுகிறது. என் மனைவியின் கோரிக்கை சரியானது என்று இன்றும் நம்புகிறேன். அதை நிறைவேற்றக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தக் குளம் திறக்கும் நாளைப் பற்றி நினைக்கும்போது என்னுள் மகிழ்ச்சி எழுவதில்லை.

ஆண்டு திரும்பப் போகிறது. இன்னும் செய்யப்படாதவை:

கேட்டுக்கு வெளியே, எவர் கையும் எட்டும் உயரத்தில், மீட்புக் கயிறும் மிதவையும் தொங்க ஒரு கம்பம் நடுதல். கயிறு வந்துவிட்டது. கம்பம் நண்பரின் கடையில் கிடக்கிறது.

குளம் சட்டென்று ஆழமாகும் இடத்தில் வெள்ளையடித்த கற்களை நிறுத்துதல். மழை ஓயவில்லை.

லயத்து இளைஞருக்கு மீட்புப் பயிற்சி. பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் வேலை தேடிக் கொழும்புக்குப் போய்விட்டார்கள்.

சாவியை அலுவலகத்தில் அல்லாமல் லயத்தில் வைத்திருக்க ஒருவரைத் தேடுதல். எவரும் முன்வரவில்லை. நான் எவரையும் வற்புறுத்தவில்லை.

குளம் திறக்கும் நாளில் கரைக்கு வர விரும்புகிறாரா, அல்லது அன்று வேறு மலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறாரா என்று அந்தத் தாயிடம் கேட்டல். இரண்டு முறை மடுல்சீமை வரை போனேன். கேட்காமல் திரும்பிவிட்டேன்.